செவ்வாய்க்கிழமை மேசை

என் மனைவி மார்லிஸ் போன் செய்தபோது நான் ஒரு வாடிக்கையாளரின் நீச்சல் குளத்தில் அவருடைய மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அடியில் கிடந்தது. நீளக் கம்பின் நுனியில் வலை. பாதி தூரம் தூக்கியிருந்தேன்.

“டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், ஆரின்.”

“என்னன்னு?”

“வேலையை விட்டுட்டு சீட்டாடப் போறேன்னு.”

“அதான் வெள்ளிக்கிழமையானா போறியே.”

“இது முழு நேரமா.”

கண்ணாடி வலையிலிருந்து நழுவி மறுபடியும் அடிக்குப் போனது.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. ஒரு ரொட்டி குடுத்தாரு.”

அவள் வேலை செய்யும் பல் டாக்டர் பெக்ஸ்டெட் மார்மன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர். காப்பி குடிக்க மாட்டார். லாஸ் வேகாஸிலேயே பிறந்து வளர்ந்தும் இதுவரை ஒரு காசு பந்தயம் கட்டியதில்லை. யாருக்காவது துக்கம் நேர்ந்தால் வீட்டில் சுட்ட ரொட்டி கொடுப்பார். எங்கள் நாய் செத்தபோது ஒன்று வந்தது.

ரொட்டியோடு ஒரு கெடுவும் கொடுத்திருந்தார். ரீனோவிலிருந்து ஒரு பெண் வேலை கேட்டிருக்கிறாள். அவளுக்கு வேறு இடத்திலும் அழைப்பு இருக்கிறது. அதனால் மார்லிஸ் அடுத்த புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குள் நிச்சயமாகச் சொல்ல வேண்டும்.

அந்த டாக்டரிடம் என் மனைவிக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. பல் பிடுங்குவது அவர். சுத்தம் செய்வது இவள். நாற்காலியில் வந்து சாய்கிற எல்லாரிடமும் இவள் கேட்கும் முதல் கேள்வி, தினமும் பல் இடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்கிறீர்களா என்பது. எல்லாரும் ஆமாம் என்பார்கள். யாரும் செய்வதில்லை. முதல் சில வருஷம் வாய்க்குள் பார்த்துக் கண்டுபிடித்தாள். பிறகு வாயைத் திறக்கும் முன்பே தெரிந்தது. சிலர் கூரையைப் பார்ப்பார்கள். சிலர் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வார்கள். ஒரு நீதிபதி கழுத்தைத் தொட்டுக்கொள்வார். ஒரு நாளைக்கு எட்டுப் பொய் என்று இருபத்திரண்டு வருஷம் கேட்டுவிட்டுப் போக்கர் மேசையில் போய் உட்கார்ந்தாள்.

போக்கருக்கு நல்ல சீட்டு வர வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் பணம் கட்டுகிறவன் யார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. என் மனைவிக்குத் தெரியும். வீட்டில் எனக்கு இதனால் எந்த வசதியும் இல்லை.

க்ளினிக் திங்கள் முதல் வியாழன் வரை. வெள்ளி, சனி, ஞாயிறு பகலில் அவள் சில்வர் மெஸாவுக்குப் போவாள். பெரிய சூதாட்ட விடுதி அல்ல. உள்ளூர்க்காரர்கள் மலிவாகச் சாப்பிடப் போகிற இடம். பின்பக்கத்தில் ஐந்து போக்கர் மேசை. பதினாலு மாதமாக அங்கே ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு பீன்ஸ் சூப்பும் டாக்டரின் ரொட்டியும் சாப்பிட்டோம்.

“நீ என்ன நினைக்கிறே?” என்றாள்.

“அதான் சொல்லிட்டியே.”

“சொன்னேன். முடிவு பண்ணல.”

“முடிவு பண்ணாததையா போய்ச் சொன்னே?”

“சொன்னா எப்படி இருக்கும்னு பாத்தேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு.”

சூப்பை ஆற்றிக்கொண்டே கணக்குச் சொன்னாள். அங்கே மணிக்கு முப்பத்தொன்பது டாலர் வருகிறது. க்ளினிக்கில் கிடைப்பதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. வாரம் நாற்பது மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்.

“பெருக்கிப் பாரு.”

“கழிக்கவும் செய்யணும். இன்ஷூரன்ஸ் போயிடும்.”

“உன் முழங்காலைப் பத்திப் பேசுறியா?”

“நான் பேசல. அது தானா பேசுது.”

குளம் சுத்தம் செய்கிறவனுக்கு யாரும் மருத்துவ இன்ஷூரன்ஸ் கொடுப்பதில்லை. எனக்கும் சேர்த்து அவள் வேலையில்தான் இருந்தது. ஏப்ரலில் முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள்.

“எனக்கு ஐம்பத்தொண்ணு ஆகுது ஆரின். இன்னும் பதினாலு வருஷம் வாய்க்குள்ளயே பாத்துட்டு இருக்கணுமா? நான் ஒண்ணு கேட்டா ஒருத்தராலயும் பதில் சொல்ல முடியாது. என் கை உள்ள இருக்கும்.”

“வீட்டுல கை இல்லாமலே அப்படித்தான்.”

அவள் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் கொஞ்சம் பயம் வந்தது. சாதாரணமாக இதற்குச் சிரிப்பாள்.

“அங்க உக்காந்தா எனக்கு முழிப்பு வருது,” என்றாள். “அவ்வளவுதான். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

நான் இன்னொரு துண்டு ரொட்டி எடுத்துக்கொண்டேன். துக்கத்துக்குக் கொடுத்ததானாலும் நன்றாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் அவள் மேசையில் இருக்கிறவர்களிடம் கேட்டாள். அதிலேயே பிழைக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே உண்டு. நெனிட்டா என்ற பிலிப்பைன்ஸ்காரி, முன்னால் டீலராகச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள், மார்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

“வந்துடு தங்கம். எனக்கும் ஒரு பொம்பளைத் துணை இருக்கும். இவனுங்களோட உக்காந்து உக்காந்து எனக்கே மீசை வந்துடும் போல.”

டாட் என்று ஒருவன். எப்போதும் மீன்பிடிக்கிறவர்களின் தொப்பி. நாங்கள் பார்த்து அவன் மீன் பிடித்ததில்லை.

“இவ்வளவு நாளா எதுக்குக் காத்துட்டு இருந்தீங்க?” என்றானாம்.

ஹார்லன் மட்டும் பதில் சொல்லவில்லை. பதினெட்டு வருஷமாக இதில் சாப்பிடுகிற ஆள் அவர். காதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது மார்லிஸ் அதன் மேல் விரலால் தட்டினாள். அவர் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

“நான் வேலையை விடலாமா?”

“செவ்வாய்க்கிழமை வந்திருக்கியாம்மா?”

“இல்ல. க்ளினிக் இருக்கும்.”

“வந்து பாரு.”

ஹெட்போன் மறுபடியும் காதில் உட்கார்ந்தது.

“பதினாலு மாசத்துல அந்த மனுஷன் பேசினதே இதான்,” என்றாள் என்னிடம்.

“அதுக்கு முன்னாடி பேசுவாரா?”

“ஆரம்பத்துல அவ்வளவு நல்லாப் பேசுவாரு. எந்த ஊரு, எத்தனை பசங்க, வெயில் ஒத்துக்குதான்னு கேப்பாரு. ஒருதரம் சாண்ட்விச் வாங்கிக் குடுத்தாரு.”

“அப்புறம் என்ன ஆச்சு? ஏதாவது சொன்னியா?”

“ஒண்ணும் சொல்லல. ஜெயிக்க ஆரம்பிச்சேன்.”

செவ்வாய்க்கிழமை லீவு போட்டாள். நான் இரண்டு குளங்களைத் தள்ளிப்போட்டுவிட்டு அவளோடு போனேன். ஆதரவுக்கு என்று அவளிடம் சொன்னேன். முழங்காலுக்காகவும்தான்.

காலை பத்து மணி. ஐந்து மேசையில் நான்கு காலி. ஐந்தாவதில் ஒன்பது நாற்காலி, எட்டுப் பேர், மார்லிஸையும் சேர்த்து. ஒன்பதாவது நாற்காலியில் நெனிட்டாவின் கைப்பை. தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு நான் உட்கார்ந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் அவளைக் கூப்பிட வந்திருக்கிறேன். அப்போது அந்த அறையில் பேசினால் காது கேட்காது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையோடு வந்த பையன்கள், மாநாட்டுக்கு வந்தவர்கள், அயோவாவிலிருந்து பஸ்ஸில் வந்த விவசாயிகள் என்று எல்லாரும் எல்லாச் சீட்டுக்கும் பணம் கட்டுவார்கள்.

செவ்வாய்க்கிழமை யாரும் கட்டவில்லை. டீலர் சீட்டுப் போடுவான். ஆளுக்கு இரண்டு. நுனியைத் தூக்கிப் பார்ப்பார்கள். கவிழ்த்துத் தள்ளிவிடுவார்கள். ஒருவர் கட்டினால் மற்ற ஏழு பேரும் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர் கையில் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். யாராவது துணிந்து ஆடினால் அதிலிருந்து விடுதி தன் பங்கை எடுத்துக்கொண்டது. டீலருக்கு ஒரு டாலர் போனது. அந்தப் பணம் எட்டுப் பேருக்குள் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இளைத்தது.

பதினொன்றரை வரைக்கும் டாட்டின் காரில் வருகிற சத்தம் பற்றிப் பேசினார்கள். அந்தச் சத்தத்தை அவன் வாயால் செய்து காட்டினான். பிறகு கதவு திறந்தது.

எட்டுத் தலையும் திரும்பியது. தரை துடைக்கிற வாளியோடு ஒரு ஆள். எட்டுத் தலையும் பழைய இடத்துக்கு வந்தது.

இது நாலைந்து தடவை நடந்தது. கதவு திறக்கும், திரும்புவார்கள், மூடும், திரும்புவார்கள். பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கிறவர்களைப் பார்ப்பது போல இருந்தது. நான்காவது தடவை நானும் திரும்பினேன்.

பன்னிரண்டே காலுக்கு ஒருவர் உள்ளே வந்தார். வெயிலில் சிவந்த மூக்கு. கழுத்தில் மாநாட்டு அட்டை. சட்டையில் கிளிகள். கையில் உயரமான குவளை, அதில் குட்டிக் காகிதக் குடை செருகிய ஏதோ ஒரு மது.

நெனிட்டாவின் கைப்பை மடிக்கு வந்தது. டாட் தொப்பியைக் கழற்றித் தலையைக் கோதிக்கொண்டான். ஹார்லன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். அவருடைய குரல் கனிவான குரல். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

“வாங்க வாங்க. எந்த ஊர்லேருந்து வர்றீங்க?”

“ஒமாஹா,” என்றார் வந்தவர்.

“அருமையான ஊரு. இந்த வெயில் ஒத்துக்குதா?”

“உக்காருங்க சார்,” என்றாள் நெனிட்டா. “இது ராசியான நாற்காலி. காலையிலேருந்து யாரையும் உக்கார விடல, உங்களுக்காகத்தான்.”

மார்லிஸ் தன் நாற்காலியை ஒரு முழம் நகர்த்தி அவருக்கு வழிவிட்டாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் முன்பு பார்த்ததில்லை. அழகாகத்தான் இருந்தது. எனக்கு அது கிடைக்காமல் இருந்தால் நல்லது என்று தோன்றியது.

“பாத்ரூம் எந்தப் பக்கம்?” என்றார் ஒமாஹாக்காரர்.

டீலர்தான் கை காட்டினான். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கைப்பை நாற்காலிக்குத் திரும்பியது. ஹெட்போன் ஏறியது. மார்லிஸ் என் பக்கம் திரும்பினாள். நான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன் என்று காட்ட முயன்றேன். பொய் அவளிடம் எடுபடாது.

இரண்டு மணிவாக்கில் நெனிட்டா குனிந்து அவளிடம் கேட்டாள்.

“தங்கம், நீ பல் ஆஸ்பத்திரியில தானே இருக்கே? இங்க பின்னாடி ஒண்ணு இருக்கு. குளிர்ச்சியா குடிச்சா மண்டை வரைக்கும் போகுது.”

“காட்டு.”

நெனிட்டா வாயைத் திறந்தாள். மார்லிஸ் போனில் விளக்குப் போட்டு உள்ளே பார்த்தாள்.

“மேசையில வாயைத் திறக்கக் கூடாதும்மா,” என்றான் டீலர்.

“அப்படி ஒரு விதி இருக்கா?”

“இல்ல. ஆனா எனக்குச் சீட்டுப் போட முடியல.”

இருவரும் எழுந்து பக்கத்துக் காலி மேசைக்குப் போனார்கள். ஐந்து நிமிஷத்தில் நெனிட்டா கன்னத்தைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தாள். டாட் எழுந்து போனான். அவனுக்குப் பிறகு இன்னொருவர். ஆட்டம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. எழுந்து போனவர்களுக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. மேற்பார்வைக்காரர் வந்து என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னார்கள். அவரும் வரிசையில் நின்றார். அவருக்கு விடுதி இன்ஷூரன்ஸ் கொடுத்திருக்கிறது. சும்மா கிடைக்கிறது என்று நின்றார்.

கடைசியாக ஹார்லன் போனார். நான் கம்பிக்குப் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

“கடைசியா டாக்டரைப் பாத்து எத்தனை வருஷம் ஆச்சு?”

“பதினொண்ணு இருக்கும்.”

“இது இன்னைக்கோ நாளைக்கோ எடுத்தாகணும் ஹார்லன். வலிக்கலையா உங்களுக்கு?”

“ஹெட்போன் எதுக்கு மாட்டியிருக்கேன்? பாட்டு ஓடினா கொஞ்சம் மறந்திருக்கும்.”

“ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?”

“ஒரு நல்ல வாரக் கடைசி வரட்டும்னு பாத்தேன்.”

“பதினொரு வருஷத்துல ஒண்ணுகூடவா வரல?”

“நிறைய வந்துச்சும்மா. ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் ஒரு செவ்வாய்க்கிழமை வந்துச்சு.”

மார்லிஸ் விளக்கை அணைத்தாள்.

“என்கிட்ட ஏன் பேசறதை நிறுத்தினீங்க?” என்றாள்.

அவர் யோசித்தார். “பேசி என்ன பிரயோஜனம்? நீ நல்லா ஆடறே.”

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்கே தெரிந்தது. அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நான் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு எழுந்தாள். காரில் ஏறினோம். சிவப்பு விளக்கில் நின்றோம்.

“எவ்வளவு?” என்றேன்.

“பதினோரு டாலர்.”

“போச்சா?”

“ஜெயிச்சேன். அந்த எட்டுப் பேர்ல நானும் ஹார்லனும்தான் கையைக் கடிச்சுக்காம எழுந்தோம்.”

“அப்ப நீ நல்லா ஆடறே.”

“ஆமா. நல்லா ஆடறேன்.” பச்சை விழுந்தது. நான் வண்டியை எடுத்தேன். “அதான் கஷ்டமா இருக்கு. தோத்திருந்தா சுலபமா இருந்திருக்கும்.”

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் அவள் இறங்கவில்லை.

“ஏழு மணி நேரம் கதவையே பாத்துட்டு இருந்தேன் ஆரின்.”

“எல்லாரும்தான் பாத்தாங்க. நானும் பாத்தேன்.”

“க்ளினிக்குல நான் கதவைப் பாக்கறதே இல்ல. ஒன்பது மணிக்கு ஒருத்தர் வந்துடுவாரு. பத்துக்கு இன்னொருத்தர். எனக்கு அவங்களைப் பிடிக்குதா இல்லையான்னு யாரும் கேக்கப் போறதில்ல. அந்த ஒமாஹாக்காரரை எனக்கு எவ்வளவு பிடிச்சுது தெரியுமா? எழுந்து கட்டிக்கலாம் போல இருந்துச்சு.”

“பாத்தேன்.”

“நீ பாத்தது எனக்கும் தெரியும்.”

“வெள்ளிக்கிழமையும் வெளியூர்க்காரங்ககிட்டதானே ஜெயிக்கறே?”

“வெள்ளிக்கிழமை அவங்க வரலேன்னா நான் வீட்டுக்கு வந்துடுவேன். எனக்கு அவங்க வேணும்னு இல்ல.” கதவைத் திறந்தாள். “நாளைக்கு என்ன சொல்றதுன்னு இன்னும் தெரியல. நீ எதுவும் சொல்லாதே.”

மாடிப்படி ஏறும்போது கொஞ்சம் நொண்டினேன். தேவைக்கு மேல் நொண்டினேன் என்று பின்னால் அவள் குற்றம் சாட்டினாள்.

புதன்கிழமை நடந்ததை மாலையில் சொன்னாள்.

எட்டே முக்காலுக்கு டாக்டர் பெக்ஸ்டெட் அவரே அவளைத் தேடி வந்திருக்கிறார். கையில் ஒரு காகிதம்.

“மார்லிஸ், நேத்து சாயங்காலத்துலேருந்து அஞ்சு பேர் புதுசா போன் பண்ணியிருக்காங்க. நாலு பேருக்குச் செவ்வாய்க்கிழமைதான் வேணுமாம். ஒருத்தர் இன்னைக்கே பல்லு எடுக்கணுமாம். உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

“கூட வேலை செய்யறவங்க டாக்டர்.”

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சூதாட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை.

“நேத்து ஜெயிச்சீங்களா?” என்று கேட்டாராம், குரலைத் தணித்து.

“பதினோரு டாலர்.”

“நாள் முழுக்கவா?”

“நாள் முழுக்க.”

“அது... நல்ல தொகையா?”

“ரொம்ப நல்ல தொகை டாக்டர். அதான் விஷயம்.”

மணி ஒன்பதாக இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவள் சொன்னாளாம், நான் இருக்கிறேன் என்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாதிப் பேர் திங்கள் மதியம்தான் விமானம் ஏறுகிறார்கள். அதனால் திங்கட்கிழமை முழுக்க லீவு வேண்டும்.

டாக்டர் முடியவே முடியாது என்றார். அவள் பேசாமல் நின்றாள். அவர் ஒரு மணி வரைக்கும் லீவு என்றார். அவள் இரண்டு என்றாள். ஒன்றரைக்கு முடிந்தது. இன்ஷூரன்ஸில் கை வைக்கக் கூடாது என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டாள். அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டினாள். நான் இரண்டு தடவை படித்தேன்.

“சந்தோஷமா?” என்றாள்.

“நீ?”

“கொஞ்சம் வருத்தம்தான்,” என்றாள். “நான் நல்லா ஆடறேன்னு தெரிஞ்சுபோச்சே.”

அது சரிதான் என்று பட்டது. அதனால் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

ரீனோ பெண்ணை டாக்டர் திங்கட்கிழமை காலைகளுக்கு வைத்துக்கொண்டார். ஏப்ரலில் என் முழங்காலைத் திறந்து மூடினார்கள். இப்போது திங்கட்கிழமைகளில் மார்லிஸ் எட்டு மணிக்கே சில்வர் மெஸாவுக்குக் கிளம்பிவிடுகிறாள். ஒன்றரைக்கு நேராக வேலைக்குப் போக, சட்டைக்கு உள்ளே க்ளினிக் சீருடை. எனக்குக் காப்பி நானே போட்டுக்கொள்கிறேன்.